சண்டிலிப்பாயின் இரவு: அன்றும் இன்றும்

சண்டிலிப்பாயில் இப்போது இரவு பிந்தித்தான் தொடங்குகிறது. மைமலில் விளக்கு வைத்த கையோடு இராச்சாப்பாட்டையும் முடித்து, ஒன்பது மணிக்குள் படலையைச் சாத்திவிட்டுப் படுத்த ஊர் இது. இன்று அதே ஒழுங்கைகளில் ஒன்பதரைக்கும் பிட்டு அவிகிற மணம் வருகிறது. பத்து மணிக்கு ரிவித் தொடர் முடிகிறது. பதினொன்று தாண்டியும் யன்னல்களில் போன் வெளிச்சம் தெரிகிறது. விடிய ஐந்து மணிக்குப் பிள்ளையை ரியூசனுக்கு எழுப்பவேண்டும். அம்மம்மா கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போய் வரிசையில் இருக்கவேண்டும். அந்தக் கொப்பியில் நீரிழிவு, பிறசர், கொலஸ்ரரோல் மூன்றும் எழுதியிருக்கும்.

"சாப்பாட்டைக் குறையுங்கோ, நடவுங்கோ" என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம், எத்தனை மணிக்குப் படுக்கிறோம் என்பது எங்கள் வீடுகளில் ஒரு பேச்சாகவே இல்லை. ஊரில் உடம்பு பெருத்ததற்கும் நித்திரை கெட்டதற்கும் ஒரே வேர்தான் என்று நான் நம்புகிறேன். பொழுது பட்டால் வேலை முடிந்தது, சாப்பாடு முடிந்தது, இனி ஓய்வு என்று இருந்த எல்லை அழிந்துபோய்விட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகருக்குப் போகும் வீதியில் மானிப்பாயைத் தாண்டினால் சண்டிலிப்பாய், அதற்கு அப்பால் சங்கானை. கல்வளைப் பிள்ளையார் கோவிலும் சீரணி நாகபூஷணி அம்மன் கோவிலும் ஊரின் அடையாளங்கள். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு இந்தப் பக்கத்து வயல்களை நனைத்துக்கொண்டு போய்க் கடல்நீரேரியில் விழும். மற்றப்படி ஆறு குளம் பார்த்திருந்த விவசாயம் இல்லை. எல்லாம் கிணற்றுத் தண்ணீர்.

அந்தக் கிணறுதான் ஒரு காலத்தில் ஊரின் நித்திரையையும் ஆண்டது. தோட்டத்துக்கு இறைப்பு என்றால் வெயில் ஏறமுன் முடிக்கவேண்டும். ஆகவே சாமத்திலேயே எழும்புவார்கள். ஒரு இறைப்புக்கு மூன்று பேர் தேவை. ஒருவர் துலாவில் ஏறி நின்று முன்னும் பின்னுமாக நடப்பார். அவர் நடக்க நடக்கத் துலா தாழ்ந்து எழும்பும். கிணற்றடியில் நிற்பவர் பனையோலைப் பட்டையைத் தண்ணீருக்குள் இறக்கி, நிரம்பியதும் மேலே வரவிட்டுப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இப்படி மணிக்கணக்கில் இறைப்பு நடக்கும். துலா மிதித்தவருடைய கெண்டைக்காலைப் பார்த்தே அவர் தொழிலைச் சொல்லிவிடலாம் என்பார்கள். இந்த உழைப்பை விடிய முன்னரே செய்கிற உடம்பு இரவு எட்டரைக்கு மேல் விழித்திருக்காது. யாரும் போய்ப் படு என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. பிறகு மண்ணெண்ணெய் பம்ப் வந்தது. அதற்குப் பின் மின்சார மோட்டார். ஆட்கள் வேலை குறைந்தது நல்லதுதான். அந்தப் பாரத்தை மறுபடி யார் முதுகிலும் ஏற்றச் சொல்லமாட்டேன்.

சாப்பாடும் அந்த நேரக்கணக்குக்குள்தான் அடங்கியிருந்தது. காலையில் பழஞ்சோறு, அல்லது குரக்கன் பிட்டு. மத்தியானம் நல்ல சாப்பாடு: மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசிச் சோறு, ஒரு மரக்கறி, முருங்கையிலை வறை அல்லது கீரை, சொதி. மீன் கிடைத்தால் மீன். இராவுக்கு இடியப்பமோ பிட்டோ, அளவாக. பனங்கிழங்கைக் காயவைத்து எடுத்த ஒடியல் மாவில் கூழும் பிட்டும் வரும். தவிடு போகாத அரிசியும் குரக்கனும் ஒடியலும் மெல்லச் செமிக்கின்றன. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்தது தெரியும். வெள்ளிக்கிழமை ஒருநேரச் சாப்பாடு, புரட்டாசிச் சனி, கந்தசஷ்டி என்று விரதங்கள் வேறு. பக்திக்காக இருந்த விரதம் வயிற்றுக்கும் ஓய்வு கொடுத்தது.

இவ்வளவையும் எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் எல்லோரும் நன்றாக நித்திரை கொண்டார்கள் என்பது பொய். பெண்களைக் கேட்டால் தெரியும். உரலில் மா இடித்து, அம்மியில் அரைத்து, எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிட்டுக் கடைசியாகப் படுத்தவள் அவள்தான். அடுப்பு மூட்ட முதலில் எழும்பியவளும் அவள்தான். பஞ்சப்பட்ட வீடுகளில் இராச்சாப்பாடு அளவாக இருந்ததற்குக் காரணம் கட்டுப்பாடு இல்லை, பானையில் அவ்வளவுதான் இருந்தது. எழுபதுகளின் முற்பகுதியில் நாடு முழுவதும் அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் எங்களிடையே இருக்கிறது. மெலிந்த உடம்பு எல்லாம் ஆரோக்கியமான உடம்பு ஆகாது.

போர்க்காலத்து இரவுகளைத் தனியாகச் சொல்லவேண்டும். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தங்கமாகியது. வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நூல்திரியைக் கொளுத்துவார்கள். போத்தலின் சுவர் காற்றை மறைக்கும். அந்த ஒரு விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் படிப்பார்கள். மங்கல் வெளிச்சம்தான் அது. திரி அணைந்தால் படுக்கைதான். சைக்கிள்தான் வாகனம்: சந்தைக்கும் வேலைக்கும் 10 கிலோமீற்றர் அளவு தூரத்திலுள்ள யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும், நோயாளியைப் பின்னால் இருத்தி வைத்தியசாலைக்கும். உடம்பில் கொழுப்பு வைக்க வழியில்லை.

ஆனால் அது நித்திரையா? ஷெல் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாயவேண்டும். 1995 ஜூலை 9 ஆம் திகதி பக்கத்து ஊரான நவாலியில், இடம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கியிருந்த சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி எங்கள் ஊரோடு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழைக்குள், நெரிசலுக்குள், இரவிரவாக. திரும்பி வர அடுத்த ஆண்டின் நடுப்பகுதி ஆயிற்று. அந்த இரவுகள் இன்னும் சிலருடைய நித்திரைக்குள் இருக்கின்றன. சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்புகிற பெரியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. யாழ்ப்பாணத்தின் மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் மனங்களில் விட்ட காயங்களைப் பற்றி 1998 இலேயே ஒரு முழு நூல் எழுதினார். அப்படிப்பட்ட நித்திரையின்மைக்குப் பால் குடியுங்கள், போனைத் தள்ளி வையுங்கள் என்று சொல்லித் தப்பமுடியாது. அதற்கு வைத்தியரைப் பார்க்கவேண்டும். பார்ப்பதில் வெட்கமும் இல்லை.

குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002 இல் திறந்தபோது சாமான்கள் வந்தன. 2009 இல் போர் முடிந்த பிறகு எல்லாமே வந்தன. லீசிங்கில் மோட்டார் சைக்கிள், ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஓட்டோ, இருபத்துநாலு மணித்தியால மின்சாரம், ரிவி, பிறகு கையடக்கப் போன். இருட்டில் வருடக்கணக்காக இருந்த சனம் வெளிச்சத்தை அணைக்க மனம் வராமல் இருந்ததில் பிழை காணமுடியாது. இல்லாமையைப் பார்த்தவர்கள் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய, அதற்கு மேலும் கொடுத்தார்கள். அது அன்பு. ஆனால் அந்த அன்பு சீனியாகவும் கோதுமை மாவாகவும் போய்ச் சேர்ந்தது.

பிட்டையே எடுத்துப் பாருங்கள். பெயர் அதேதான், நீற்றுப்பெட்டியும் அதேதான். உள்ளே இருக்கும் மா மாறிவிட்டது. பல வீடுகளில் இன்று பிட்டில் பாதி அவித்த கோதுமை மா. அதற்குத் தேங்காய்ப்பூ, ஒரு குழம்பு, பொரியல். வறை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. பின்னேரம் ரியூசன் விட்டு வரும் பிள்ளை கடையில் ரோல்ஸும் சோடாவும் வாங்கும். வீட்டில் தேத்தண்ணி நாளுக்கு ஐந்து தரம். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஐந்துக்குப் பத்துத் தேக்கரண்டி, 40 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன கணக்குப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் இருக்கவேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. தேத்தண்ணியிலேயே கணக்கு முடிந்துபோகிறது. எங்கள் ஆச்சிமார் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். பனங்கட்டியும் சீனிதான், ஆனால் கடிக்கிற துண்டு சுண்டுவிரல் நுனியளவு.

2005, 2006 இல் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வொன்று வளர்ந்தவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கண்டது. ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வு அது. போரினால் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. நாடே எண்ணப்பட்டபோது நாங்கள் எண்ணப்படவில்லை. எங்கள் கணக்கை இன்று கிளினிக் வரிசைகள்தான் காட்டுகின்றன.

இனி நித்திரைக்கும் எடைக்கும் என்ன தொடுப்பு என்று கேட்பவர்களுக்கு. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் கோட்டரின் குழு 2004 இல் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொள்ளவிட்டுப் பார்த்தது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு 18 சதவீதம் குறைந்தது. பசிக்குது என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. பசியும் கூடியது; அதுவும் இனிப்பிலும் உப்புத் தீனியிலும் மாச்சாப்பாட்டிலும்தான் ஆசை அதிகமாயிற்று. இரவு பதினொரு மணிக்கு மிக்ஸர் பக்கற்றைத் தேடுகிற கைக்கு இதுதான் காரணம். அந்தப் பிள்ளையைப் பெருந்தீனிக்காரன் என்று ஏசுவதில் அர்த்தமில்லை, அவனுக்கு நித்திரை காணாது.

அதே பல்கலைக்கழகத்தில் எஸ்ரா தஸாலியின் குழு 2022 இல் மறுபக்கத்தைக் காட்டியது. எடை கூடிய, ஆறரை மணித்தியாலத்துக்கும் குறைவாக நித்திரை கொள்கிற 80 பேர். அவர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நித்திரையை மட்டும் நீட்டச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம் கூடுதலாகப் படுத்தவர்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாளுக்கு 270 கலோரி அளவு குறைவாகச் சாப்பிட்டார்கள். எங்கள் கணக்கில் ஒரு ரோல்ஸும் ஒரு சீனித் தேத்தண்ணியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் எடை குறைக்கும் சிகிச்சையில் இருந்த 420 பேரைப் பார்த்து 2013 இல் வெளிவந்த ஆய்வு, பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு பிரதான உணவைச் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைவாகத்தான் இறங்கியது என்றது. இரு பக்கத்தாரும் சாப்பிட்ட அளவில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. உடம்புக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. இருட்டினால் மூளை மெலற்றோனினைச் சுரந்து உடம்பைப் படுக்கைக்கு ஆயத்தமாக்கும். கண்ணில் விழும் வெளிச்சம் அதைத் தள்ளிப்போடும். உடம்பு படுக்கைக்கு ஆயத்தமாகும் வேளையில் வயிற்றுக்குள் போகிற மாச்சாப்பாட்டின் சீனியை, பகலில் போல உடம்பால் சமாளிக்க முடிவதில்லை.

நீரிழிவுக்காரருக்கு இது இரட்டைச் சிக்கல். சீனி கூடினால் இரவில் சலம் போக நாலைந்து தரம் எழும்பவேண்டி வரும். நித்திரை முறிந்தால் அடுத்த நாள் சீனி இன்னும் கூடும்.

எங்கள் ஊரில் நித்திரையைக் கெடுக்கும் இன்னொன்று இருக்கிறது. வேறு நாட்டு வைத்திய நூல்களில் அதைக் காணமாட்டீர்கள். பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்ரோவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய நேரத்தில் தாய்மார் இங்கே வாழ்கிறார்கள். என் பெரியம்மா ஒருவர் இரவு ஒன்றரைக்கு விறாந்தைக் கதிரையில் இருப்பார். கையில் போன். பக்கத்தில் ஒரு பிஸ்கற் பெட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணி. லண்டனில் அப்போது இரவு ஒன்பது.

"படுக்கலாம்தானே பெரியம்மா?"

"அவன் வேலையால வந்து, சாப்பிட்டிட்டு எடுக்கிறவன். நான் படுத்திட்டால் பிள்ளை ஏங்கிப்போவான்."

பேசி முடிய இரண்டு மணி. அதற்குப் பிறகு கனடாக்காரி எடுப்பாளோ என்று இன்னும் கொஞ்சம் காத்திருப்பு. ஐந்து மணிக்குக் கோவில் மணி கேட்கும்போது எழும்பிப் பழகியவர். அந்தப் பழக்கம் போகவில்லை. ஆக மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவான நித்திரை. காலையில் கிளினிக்கில் சீனி கூடியிருக்கும். "நான் ஒண்டும் பெரிசாச் சாப்பிடுறேல்லையே" என்பார். உண்மைதான். அவர் சாப்பிடும் பிஸ்கற்றையும் சாமத்துத் தேத்தண்ணியையும் அவர் சாப்பாடு என்று நினைப்பதில்லை.

2022 இல் ஒரு பொழுது பழைய இரவு தானாகத் திரும்பி வந்தது. பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. பெற்றோலுக்கு வரிசை மைல் கணக்கில் நீண்டது. கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்த சைக்கிள்களுக்குக் காற்றடித்தார்கள். பொழுதுபட முன் சமைத்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டார்கள். அந்தக் கஷ்டத்தை யாரும் விரும்பமாட்டார்கள். மருந்துக்கும் காஸுக்கும் அலைந்த காலம் அது. ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடுவதும் சைக்கிள் மிதிப்பதும் எங்களுக்கு மறந்துபோகவில்லை என்று அப்போது தெரிந்தது. பெற்றோல் வந்ததும் சைக்கிள் கொட்டிலுக்குத் திரும்பிவிட்டது. எனக்கு அது மெத்தக் கவலை.

வறுமையையும் போரையும் விட்டுவிட்டு அந்தக் காலத்தின் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். செலவில்லாத காரியம். இராச்சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்கலாம். வேலையால் பிந்தி வருபவருக்கு மட்டும் எடுத்து மூடிவைக்கலாம். பிட்டுக்குக் கோதுமை மாவைக் குறைத்து சிவப்பரிசி மாவோ குரக்கனோ கூட்டலாம்; கோப்பையில் பாதிக்கு வறையும் மரக்கறியும் வரட்டும். சாப்பிட்ட பின் ரிவிக்கு முன் இருக்காமல் ஒழுங்கை முடியும் வரை நடந்துவிட்டு வரலாம். தேத்தண்ணியையும் கோப்பியையும் பின்னேரத்தோடு நிறுத்தவேண்டும். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவு எடுக்கும். போனைப் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். சில நாட்களில் படுக்கும் நேரமும் தானாகச் சீராகும். மாதம் ஒரு தரம் தையல் நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். எங்கள் இனத்தவர்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை. தராசு காட்டாததையும் நாடா காட்டும்.

இரண்டு எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் இராச்சாப்பாட்டை விடவோ நேரத்தை மாற்றவோ நினைத்தால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்; சீனி இரவில் இறங்கிப்போனால் உயிருக்கு ஆபத்து. பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறவர்களை வீட்டார் கவனித்து வைத்தியரிடம் கூட்டிப்போகவேண்டும்.

ரியூசன் நடத்துபவர்களிடமும் ஒரு சொல். 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்கிறது மருத்துவம். இரவு எட்டரைக்கு வகுப்பை விட்டு, அடுத்த நாள் ஐந்தரைக்கு மறுபடி வரச்சொன்னால் அந்தப் பிள்ளை எப்போது சாப்பிட்டு, எப்போது படுப்பது? நித்திரையில்லாத மூளையில் பாடமும் நிற்காது. ஏதாவது ஒரு நுனியை விட்டுக்கொடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது இதுதான். டொரொன்ரோவில் காலை 7 மணிக்கும் லண்டனில் மதியம் 12 மணிக்கும் சண்டிலிப்பாயில் பின்னேரம் நாலரை; உங்கள் குளிர்காலத்தில் ஐந்தரை. வேலைக்குப் போகும் வழியிலோ சாப்பாட்டு இடைவேளையிலோ பத்து நிமிடம் அம்மாவுக்கு எடுங்கள். இரவில் எடுக்கமாட்டோம், நீங்கள் படுங்கள் என்று வாயால் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர்கள் படுப்பார்கள்.